ப்ளூ பேட்ஜ்: அம்மாவுக்கு எடுத்த நீல மட்டை

அம்மாவுக்கு 79 வயது. முழங்கால் இரண்டும் மடங்காது. காரில் இருந்து இறங்க, கதவை முழுக்கத் திறந்து, இரண்டு காலையும் ஒன்றாக வெளியே வைத்து, என் தோளைப் பிடித்துத்தான் எழும்புவா. பக்கத்துக் கார் நெருங்கி நின்றால் இறங்கவே ஏலாது. அதற்காகத்தான், நடக்கக் கஷ்டப்படுகிற ஆட்களுக்கு ஒதுக்கிய இடத்தில் கார் நிறுத்த விடும் இந்த ப்ளூ பேட்ஜுக்கு லண்டனில் விண்ணப்பித்தோம்.

அரசாங்க இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். முடிவெடுப்பது எங்கள் கவுன்சில். அம்மா அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்புத் தேவைப்படும் வயதானவர்களுக்கான உதவித்தொகை) எடுக்கிறா, பேட்ஜும் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பிப் (PIP) என்ற, நோய், இயலாமை உள்ளவர்களுக்கான உதவித்தொகையில் நடமாட்டத்துக்கு 8 புள்ளியோ கூடவோ எடுத்தவர்கள் போன்றோருக்குத்தான் அப்படித் தானாகக் கிடைக்கும். அம்மாவைக் கூப்பிட்டு நடக்கவிட்டுப் பார்த்தார்கள். அவசரப்படுத்தவில்லை, இடையில் இருக்கவும் விட்டார்கள். அது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. ஒன்பது கிழமையில் தபாலில் வந்தது. கட்டணம் 10 பவுண், 3 வருடம் செல்லும்.

கூடவே ஒரு மணிக்கூட்டு மட்டையும் வரும். அதைக் கவனியுங்கோ. சாமான் ஏற்றி இறக்கத் தடை இல்லாத மஞ்சள் கோட்டில், ஒற்றையோ இரட்டையோ, 3 மணித்தியாலம் நிறுத்தலாம். ஆனால் வந்த நேரத்தைத் திருப்பி வைத்து, பேட்ஜுக்குப் பக்கத்தில் வெளியே தெரியும்படி வைக்க வேணும். முதல் கிழமை பேட்ஜை மட்டும் வைத்துவிட்டு அம்மாவைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போனேன். திரும்பி வர கண்ணாடியில் டிக்கெட். எழுதிப் போட்டும் விடவில்லை, காசு கட்டினேன்.

லண்டன் நடுவில் வெஸ்ட்மின்ஸ்டர், சிட்டி ஒஃப் லண்டன், கென்சிங்டன்-செல்சி, கேம்டனில் ஒரு பகுதி, இங்கெல்லாம் விதி வேறு. மஞ்சள் கோட்டை நம்பிப் போகவேண்டாம். கடைகளின் சொந்தக் கார் பார்க்கிலும் முதலில் பலகையை வாசியுங்கோ.

பேட்ஜ் காருக்கு இல்லை, ஆளுக்கு. அம்மா ஏறினால் தம்பியின் காரிலும் வைக்கலாம், டாக்ஸியிலும் வைக்கலாம். அம்மா வராத பயணத்தில் என் காரிலும் வைக்க ஏலாது. போன மாதம் தெரிந்த பெடியன் ஒருவர், "அக்கா, சனிக்கிழமை கடைக்குப் போக ஒருக்கா தாங்கோவன்" என்று கேட்டார். பிடிபட்டால் 1,000 பவுண் வரை தண்டம், பேட்ஜையும் பறிப்பார்கள். நான் அவருக்குத் தண்டத்தைச் சொல்லவில்லை. "நீங்கள் அந்த இடத்தில காரை விட்டால், அம்மா மாதிரி ஒரு ஆள் எங்க இறங்குறது?" என்றுதான் கேட்டேன். பிறகு அவர் கேட்கவில்லை.

இந்த பேட்ஜுக்கு ஐந்துக்கு நாலு தருவேன். ஒன்று குறைத்தது அந்த ஒன்பது கிழமைக்கு. அவ்வளவு நாளும் அம்மா கோயிலுக்குப் போகவில்லை.