காளஹஸ்தி கலம்காரிச் சேலை: கட்டிப் பார்த்துச் சொல்கிறேன்

திருத்தணியில் தையல் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது ஒரு துணியை மேஜையில் விரித்து, “அக்கா, இது கலம்காரி, பார்த்து வெட்டுங்க” என்பார்கள். பெரும்பாலும் அது மீட்டர் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு விற்கிற ஸ்கிரீன் பிரிண்ட். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஜாக்கெட்டுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அதையும், நான் 9,500 ரூபாய் கொடுத்து வாங்கிய, மூங்கில் பேனாவால் வரைந்து இயற்கைச் சாயம் ஏற்றிய சேலையையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறார்கள். அதனால்தான் கையால் வரைந்த சேலைக்கு ஏன் அந்த விலை, கொடுக்கலாமா என்று எழுத உட்கார்ந்தேன். கொடுக்கலாம். தினமும் கட்டி வாஷிங் மெஷினில் போடச் சேலை தேடுகிறவர்களுக்கு மட்டும் இது வேண்டாம்.

கடையில் வாங்கவில்லை. காளஹஸ்தியில் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், வீட்டு முன்னறையையே பட்டறையாக வைத்திருக்கும் ஒரு குடும்பத்திடம் வாங்கினேன். ஆள் வந்துகொண்டே இருந்தால் வேலை ஓடாது, பேர் எங்கேயும் போடாதீர்கள் என்றார்கள், அதனால் போடவில்லை. ஊரில் விசாரித்தால் இப்படிப் பல வீடுகளைக் காட்டுவார்கள். பெரியவர் கோடு போடுகிறார், அவர் மனைவியும் மருமகளும் நிறம் நிரப்புகிறார்கள். தெலுங்கு கலந்த தமிழில் பேசுகிறார்கள், எங்கள் பக்கத்துப் பேச்சு மாதிரிதான். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள். அதற்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

அவர் கையில் இருக்கும் பேனா, முனை சீவிய ஒரு மூங்கில் குச்சி. முனைக்குச் சற்று மேலே கம்பளித் துணியை உருட்டி நூலால் இறுகச் சுற்றியிருக்கிறது. அந்த உருண்டையை மையில் முக்கி, விரலால் அழுத்த அழுத்த மை குச்சி வழியாக இறங்கும். அழுத்தம் கூடினால் கோடு தடிக்கும், குறைந்தால் மெலியும். மையும் வீட்டில் செய்ததுதான்: துருப்பிடித்த இரும்பு, வெல்லம், தண்ணீர் மூன்றையும் பானையில் போட்டு வாரக்கணக்கில் புளிக்க வைக்கிறார்கள். கசிமி என்று பெயர். துணியில் படும்போது வெளிறித் தெரிகிற கோடு, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கிறது. துணி முன்கூட்டியே கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறிக் காய்ந்தது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால்தான் கறுப்பு. பால் எதற்கு என்று கேட்டேன். “பால் இல்லன்னா மை பரவிப் போயிடும்மா, கோடு நிக்காது” என்றார்.

சிவப்பு இன்னும் பொறுமை கேட்கிற வேலை. சிவப்பு வர வேண்டிய இடத்தில் சிவப்பைப் பூசுவதில்லை, படிகாரக் கரைசலைப் பூசுகிறார்கள். காய்ந்ததும் ஓடுகிற தண்ணீரில் அலசி, மஞ்சிட்டி மாதிரியான வேர், பட்டை போட்ட அண்டாவில் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டிய சாயத்தை வெளுத்து எடுத்துவிடலாம். அந்தக் காலத்தில் நம் கடற்கரை மணலில் விளைகிற சாயவேர்தான் இதற்கு முக்கியம். தேங்கிய தண்ணீரில் அலசினால் மிச்சப் படிகாரம் பக்கத்தில் பரவி, வெள்ளையாக இருக்க வேண்டிய இடமும் திட்டுத் திட்டாகச் சிவந்துவிடும். இந்த வேலை சுவர்ணமுகி ஆற்றங்கரையில் வளர்ந்ததற்கு இது ஒரு காரணம். இப்போது ஆற்றில் எல்லா மாதமும் தண்ணீர் ஓடுவதில்லை. அதனால்தான் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் நான் முதலில் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன்.

இனி சேலை. கொஞ்சம் கனமான பருத்தி. உடலில் சின்னச் சின்னக் கொடிகள், கரையில் மயில் வரிசை, முந்தானை முழுக்க ஒரே மரம், கிளைக்குக் கிளை பறவைகள். காளஹஸ்தி வேலை என்றாலே ராமாயணமும் கண்ணப்பரும் வரைந்த பெரிய திரைச்சீலைகள்தான் நினைவுக்கு வரும். சேலையில் எனக்குச் சாமி உருவம் வேண்டாம், கொசுவத்துக்குள்ளும் காலடியிலும் போவதற்கு மனசு வரவில்லை என்றேன். பெரியவருக்கும் அதே எண்ணம்தான், மரமே போதும் என்றார்.

தையல்காரி கண்ணுக்கு முதலில் படுவது துணியின் பின்பக்கம். இந்தச் சேலையில் நிறம் பின்பக்கத்துக்கும் நன்றாக இறங்கியிருக்கிறது, ஆனால் ஒரே சீராக இல்லை. குச்சி ஒரு கணம் நின்ற இடத்தில் கோடு ஒரு பொட்டு போலத் தடித்திருக்கிறது. கரையில் இருக்கும் மயில்களில் எந்த இரண்டும் ஒன்றுபோல இல்லை. ஒன்றின் கழுத்து கொஞ்சம் நீளம், இன்னொன்றுக்குக் கொண்டை சாய்ந்திருக்கிறது. பிரிண்ட் என்றால் அளவு நாடாவை வைத்தால் போதும், இத்தனை அங்குலத்துக்கு ஒரு முறை அதே மயில் அச்சு அசலாகத் திரும்பி வரும். மச்சிலிப்பட்டினம் பக்கம் பெடனாவில் மரக்கட்டை அச்சால் செய்வதும் கலம்காரிதான், அதுவும் பழைய, மதிப்பான தொழில். அதை நான் போலி என்று சொல்லவில்லை. அச்சு வேலையைப் பேனா வேலை என்று சொல்லி, பேனா வேலையின் விலைக்கு விற்பதைத்தான் சொல்கிறேன்.

நிறத்தையும் பாருங்கள். கறுப்பு, சிவப்பு, மஞ்சள், அவுரி நீலம், இவற்றின் கலவைகள், அவ்வளவுதான். பளீர் ரோஸ், கிளிப்பச்சை, வயலெட் இருந்தால், கோடு கையால் போட்டதாகவே இருந்தாலும் நிறம் கெமிக்கல். எங்கள் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் நகரத்து ஜவுளிக்கடை ஒன்றில் ‘இயற்கைச் சாயம்’ என்று அட்டை தொங்கிய துணியைப் பெரிய விலைக்கு வாங்கிவந்தார். வெட்டுவதற்கு முன் வழக்கம்போல ஓரத்தை நனைத்துப் பார்த்தேன். அடியில் வைத்த வெள்ளை லைனிங் துணி முழுக்க ரோஸ். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

என் சேலை அப்படிச் சாயம் விடவில்லை. முதல் அலசலில் லேசான பழுப்புத் தண்ணீர் வந்தது, அது கடுக்காய். புதிதாக இருக்கும்போது பாலும் கடுக்காயும் கலந்த ஒரு வாடை இருக்கும். பிடிக்காதவர்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது. நிழலில் காற்றாட விட்டுச் சில தடவை அலசிய பிறகு போய்விட்டது. பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில்தான் துவைக்கிறேன், வாஷிங் பவுடர் போடுவதே இல்லை. எலுமிச்சைச் சாறு பட்டால் இரும்புக் கறுப்பு மங்கும், அதனால் கல்யாணப் பந்தியில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

குறை என்றால் பச்சைதான். இலைப் பச்சையைத் தனிச் சாயமாகப் பூசுவதில்லை, நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றுகிறார்கள். கடுக்காய்ப்பூ, மாதுளந்தோல் மஞ்சள் வெயிலைத் தாங்காது. சில வருஷம் கட்டியதில் முந்தானை மடிப்பின் வெளிப்பக்க இலைகள் நீலம் பக்கம் சாய்ந்துவிட்டன, உள்மடிப்பில் இன்னும் பச்சைதான். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய சோழமண்டலக் கரைத் துணிகளிலும் இலைகள் நீலமாகத் தெரிவது இதனால்தான். எனக்கு அது உறுத்தவில்லை. சிவப்பும் கறுப்பும் வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கின்றன. துவைத்தாலும் போகாத இந்தச் சிவப்புக்காகத்தான் ஐரோப்பாவே நம் துணிக்கு அலைந்தது. தங்கள் நெசவாளர் பிழைப்பு போகிறது என்று பிரான்ஸ் 1686-இல் தடையே போட்டது.

அப்படிப்பட்ட தொழில் காளஹஸ்தியில் ஒரு கட்டத்தில் அணையும் நிலைக்கு வந்து, கைவினைத் தொழில்களுக்காகப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றவர்கள் முயற்சியில் 1950-களில் பயிற்சி மையம் வைத்துத்தான் மீண்டது. நம் பக்கத்திலும், திருப்பனந்தாள் அருகே சிக்கல்நாயக்கன்பேட்டையில், கோயில் தேருக்குத் தொம்பையும் (குழாய் போலத் தொங்கவிடும் துணி) விதானமும் வரைகிற குடும்பங்கள் இருக்கின்றன. கருப்பூர் கலம்காரி என்று 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணம் போகிறவர்கள் அங்கேயும் போய்ப் பாருங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. அவசரத்துக்குக் கேட்காதீர்கள். மழைக்காலத்தில் துணி காயாது, வேலை தள்ளிப்போகும். எனக்குச் சொன்ன தேதிக்குப் பிறகுதான் கிடைத்தது, ஆனால் தாமதமாகும் என்று முன்பே போன் செய்து சொன்னார்கள்.

ஜாக்கெட் துணிக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. முகம் வரைந்த துணியை வாங்கிவந்து தைக்கச் சொன்னால், முன்பக்க டாட், அதாவது உடல் வடிவத்துக்காக மடித்துத் தைக்கிற இடம், பெரும்பாலும் மூக்கின் மேல்தான் விழும், இல்லையென்றால் கழுத்து வெட்டில் நெற்றி போய்விடும். அதனால் என் அளவில் முதுகு, முன்பக்கம், கை எல்லாவற்றையும் பேப்பரில் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் அதைத் துணியில் வைத்து, புளியங்குச்சிக் கரியால் சுற்றிக் கோடு போட்டு, அந்த எல்லைக்குள்ளேயே வரைந்தார். முதுகுக்கு நடுவில் ஒரு மயில், தோகை இரண்டு பக்கமும் கை மூட்டு வரை. தையலுக்கு அரை அங்குலம் வெற்றாக விடச் சொன்னேன், விட்டிருந்தார். இதற்கு 1,800 ரூபாய் வாங்கினார். உங்கள் டெய்லரிடம் பேப்பர் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.