தார் சுற்ற ஸ்டெப்பர் மோட்டார்: ராஸ்பெர்ரி பையோடு இணைக்க எந்த வழி நல்லது?

வீரவநல்லூரில் தறி வைத்திருக்கும் மாமாவுக்குத் தார் (நெசவில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றி வைக்கும் குச்சி) சுற்றும் மெஷின் ஒன்று செய்யலாம் என்று உட்கார்ந்தேன். தாரைச் சுழற்றப் பெரிய அளவான நேமா 23 மோட்டார் ஒன்று, நூலை முன்னும் பின்னும் நகர்த்தச் சின்ன அளவான நேமா 17 ஒன்று. இரண்டும் ஸ்டெப்பர், அதாவது ஒவ்வொரு மின் துடிப்புக்கும் ஒரு ஸ்டெப் மட்டும் திரும்பும் மோட்டார். இரண்டையும் நடத்த வீட்டில் இருந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி. இடையில் எந்த டிரைவரை (சிக்னலை வாங்கி மோட்டாருக்குக் கரண்ட் தரும் போர்டு) போடுவது, எப்படி இணைப்பது என்பதில்தான் ஒரு கோடை விடுமுறையே போய்விட்டது. மூன்று வழிகளையும் கட்டிப் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

முதல் வழி, விரலளவு டிரைவர் போர்டை ராஸ்பெர்ரியின் பின்களில் நேராக இணைப்பது. ஏ4988, டிஆர்வி8825, டிஎம்சி2209 மூன்றும் ராஸ்பெர்ரி தரும் 3.3 வோல்ட் சிக்னலை ஏற்கும். ஹீட் சிங்க் இல்லாமல் ஏ4988 சுமார் 1 ஆம்பியர், டிஆர்வி8825 சுமார் 1.5 ஆம்பியர் தாங்கும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் ஓடப்போகிற மெஷின் என்றால் இந்தக் கணக்கையும் இன்னும் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். டிஎம்சி2209-க்கு மோட்டார் சப்ளை 29 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மற்ற இரண்டும் 35, 45 வரை போகும். ஆனாலும் என் ஓட்டு டிஎம்சி2209-க்குத்தான், காரணம் சத்தம். ஏ4988 போட்டு மெதுவாக ஓட்டியபோது எழுந்த இரைச்சலைக் கேட்டு மாமா, "மருமவனே, இதுக்கு நம்ம ராட்டையே தேவல" என்றார். போர்டை மாற்றியதும் நூல் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

எந்தப் போர்டானாலும் மோட்டார் சப்ளை பின்களை ஒட்டி 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கட்டாயம் வேண்டும். கரண்ட் இருக்கும்போது மோட்டார் வயரைப் பிடுங்கினால் போர்டு போய்விடும். ஏ4988-ல் எனேபிள் என்ற பின் 0 வோல்ட்டில் இருந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகும். ராஸ்பெர்ரி பூட் ஆகிற நேரத்தில் மோட்டார் தானாகத் துள்ளாமல் இருக்க, அந்தப் பின்னை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டில் இணைத்துவிடுங்கள்.

நேமா 23-க்கு இவை பத்தாது. அதற்கு இரண்டாவது வழி, டிபி6600, டிஎம்542 போன்ற பெட்டி டிரைவர்கள். பெட்டி மூடியிருப்பதால் தறிக்கூடத்துப் பஞ்சுத்தூசு அவ்வளவாக உள்ளே போகாது. சிக்னல் வாசலில் ஆப்டோ கப்ளர் (வயர் தொடர்பு இல்லாமல் ஒளி மூலம் சிக்னலைக் கடத்தும் பாகம்) இருப்பதால் மோட்டார் பக்கத்துக் கோளாறு ராஸ்பெர்ரியைத் தொடாது, கிரவுண்டைச் சேர்க்கவும் தேவையில்லை. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். அந்த வாசல் 5 வோல்ட்டுக்காகச் செய்தது. உள்ளே 330 ஓம் ரெசிஸ்டர் இருந்தால், 5 வோல்ட்டில் சுமார் 11 மில்லி ஆம்பியர் ஓடும். 3.3 வோல்ட்டில் 6 தான் ஓடும். மேசையில் சும்மா சுற்றியபோது எல்லாம் சரியாக இருந்தது. வேகம் கூட்டியதும் நடுநடுவே ஸ்டெப் விட்டுப்போனது. ஸ்டெப் விட்டால் நூல் விழும் இடம் தப்பும். அப்படிச் சுற்றிய தார், தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போனதும் நூல் கொத்தாகச் சரிந்து, ஊடை அறுந்தது.

டிரைவரின் பிளஸ் சிக்னல் வயர்களை 5 வோல்ட்டில் வைத்து, மைனஸ் வயர்களை ராஸ்பெர்ரியின் பின்களில் கட்டலாமே என்பார்கள். வேண்டாம். பின் 3.3-க்கு ஏறினாலும் மீதி 1.7 வோல்ட் நிற்கும், ஆப்டோ முழுதாக அணையாது. 3.3-க்கு மேல் தாங்காத பின்னை 5 வோல்ட் பக்கம் கட்டுவதும் ஆபத்து. நடுவில் 5 வோல்ட்டில் ஓடும் 74ஹெச்.சி.டி.245 ஐ.சி. வைத்ததும் எனக்குத் தீர்ந்தது. 2 வோல்ட் வந்தாலே அது 'ஆன்' என்று எடுத்துக்கொண்டு, வெளியே முழு 5 வோல்ட் தரும். கடையில் ஹெச்.சி.டி. இல்லை என்று ஹெச்.சி. கொடுத்தால் வாங்காதீர்கள். அதற்கு 3.5 வோல்ட் வேண்டும்.

டிரைவரைவிடப் பெரிய கேள்வி, துடிப்பை யார் தருவது என்பது. சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒவ்வொன்றையும் டிரைவர் 16 மைக்ரோஸ்டெப்பாகப் பிரித்தால் 3,200 துடிப்பு. நிமிடத்துக்கு 300 சுற்று ஓட்ட, நொடிக்கு 16,000. ராஸ்பெர்ரியில் ஓடும் லினக்ஸ் வேறு வேலையில் ஒரு கணம் திரும்பினால் துடிப்பு அறும். வேகமாக ஓடுகிற ஸ்டெப்பர் அந்த ஒரு இடைவெளியிலேயே உறுமி நின்றுவிடும். பைத்தானில் துடிப்புகளுக்கு நடுவே ஸ்லீப் (கொஞ்ச நேரம் பொறு என்ற கட்டளை) போட்டு ஓட்டுவது கண்ணுக்குத் தெரிகிற வேகம் வரைதான். பிக்பியோ லைப்ரரி டி.எம்.ஏ. (பிராசசரை எதிர்பார்க்காமல் தகவலை நகர்த்தும் பகுதி) வழியாக நேரம் பிசகாமல் துடிப்பு தரும், ராஸ்பெர்ரி பை 4-ல் நன்றாகவே ஓடியது. ஆனால் பை 5-ல் பின்கள் ஆர்பி1 என்ற தனிச் சிப்புக்குப் போய்விட்டதால் அது அங்கே வேலை செய்யாது.

அதனால் மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. ராஸ்பெர்ரி யு.எஸ்.பி. வழியாக "இவ்வளவு சுற்று, இந்த வேகம்" என்று மட்டும் சொல்லும், துடிப்பை பிக்கோ என்ற, லினக்ஸ் இல்லாத சின்ன கன்ட்ரோலர் போர்டு தரும். 2021-ல் வந்த அதன் ஆர்பி2040 சிப்பில் இதற்கென்றே பிஐஓ என்ற பகுதி இருக்கிறது. பிக்கோவும் 3.3 வோல்ட்தான், ஆகவே பெட்டி டிரைவருக்கு அந்த ஹெச்.சி.டி. இருந்தே ஆகவேண்டும். ஆர்டினோ ஊனோ போட்டால் 5 வோல்ட் நேராகவே வரும்.

சொல்லாமல் கரண்ட் போகிற ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஸ்.டி. கார்டில் தகவலை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால் ராஸ்பெர்ரியின் அந்தக் கார்டு கெட்டுப்போகலாம். பிக்கோ கரண்ட் வந்ததும் விழித்துக்கொள்ளும். இப்போது மாமா வீட்டில் நேமா 17 டிஎம்சி2209-லும், நேமா 23 டிஎம்542-லும், இரண்டும் பிக்கோவின் துடிப்பிலும் ஓடுகின்றன. ராஸ்பெர்ரிக்குத் திரையும் கணக்கும் மட்டும். ஒரே ஒரு சின்ன மோட்டாரை மெதுவாகத் திருப்பினால் போதும் என்பவருக்கு இவ்வளவும் வேண்டாம், டிஎம்சி2209-ஐ நேராக மாட்டிவிடுங்கள்.