கிணற்று நீருக்கான ஆசனிக் சோதனைப் பெட்டி: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கம் சொந்தக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் இந்தப் பெட்டியை வாங்கலாம். ஆசனிக் என்ற நஞ்சு கூடிய மோசமான கிணற்றை அடையாளம் காண இது போதும். நல்ல கிணறு என்று சான்று சொல்லப் போதாது. இலங்கைத் தரமும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் அனுமதிக்கும் உச்ச அளவு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். நிற அட்டையில் அந்த இடத்தில் இருப்பது மிக வெளிறிய மஞ்சள். இருவர் பார்த்தால் இரண்டு பதில் வரும். 50-ஐத் தாண்டினால் குழப்பமே இல்லை.

நாம் பார்த்தது மூன்று பொடி போடும் வகைப் பெட்டி. 100 மில்லிலீற்றர் நீரில் முதலில் தாத்தாரிக் அமிலப் பொடி, அடுத்து ஒட்சியேற்றி, கடைசியாக நாகத் (சிங்க்) தூள். அமிலமும் நாகமும் சேர்ந்து ஐதரசனை வெளிவிட, நீரிலுள்ள ஆசனிக் ஆசைன் வாயுவாக மேலெழும். மூடியில் செருகிய மேர்க்குரிக் புரோமைட்டுத் தாள் அதில் பட்டு மஞ்சளாகி, அளவு கூடக் கூடக் கபிலமாகும். பத்து நிமிடம் போதும்.

பலர் கெடுப்பது இரண்டாவது பொடியில்தான். போட்டபின் இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். கூழ்முட்டை மணம் வரும் குழாய்க்கிணற்று நீரில் ஐதரசன் சல்பைட்டு உண்டு. அதுவும் தாளைக் கறைப்படுத்தி, இல்லாத ஆசனிக்கைக் காட்டும். அதை அழிக்கவே இந்தப் பொடி. அவசரப்பட்டு நாகத்தைக் கொட்டினால் வீண் பீதிதான் மிச்சம். மறுபக்கம், கடற்கரை ஈரக்காற்றில் மூடி தளர்ந்து கட்டிபட்ட நாகத் தூள் போதிய வாயு தராது, அளவு குறைவாகக் காட்டும். இது அதைவிட ஆபத்து. பொடிப் போத்தல்களைச் சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கி மூடி வையுங்கள்.

குழாய்க்கிணறென்றால் ஐந்து நிமிடம் இறைத்துவிட்டு நீர் பிடித்து, உடனே சோதியுங்கள். இரும்புள்ள நீர் வைத்திருந்தால் துரு படியும். ஆசனிக் அதோடு ஒட்டிக் கீழே போய்விடும். தாளை நிழலில், பகல் வெளிச்சத்தில், எடுத்தவுடனே அட்டையோடு ஒப்பிடுங்கள். மஞ்சள் பல்பின் கீழ் வேண்டாம். ஆசைன் நச்சு வாயு, ஐதரசன் தீப்பற்றும். ஆகவே முற்றத்தில், அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். தாளில் பாதரசச் சேர்வை இருப்பதால் கைபடாமல் பையிலிட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

பதவிசிறிபுரப் பக்கச் சிறுநீரக நோயைக் கேள்விப்பட்டு இதை வாங்குவோர் கவனிக்க: அந்நோயோடு சேர்த்துப் பேசப்படும் புளோரைட்டையோ நீரின் வன்மையையோ இது காட்டாது.

அளவு கூடியிருந்தால் கொதிக்க வைத்துப் பயனில்லை. நீர் வற்றிச் செறிவு ஏறும். சாதாரண மெழுகுத்திரி வடிவப் பீங்கான் வடிகட்டி கரைந்த ஆசனிக்கைப் பிடிக்காது. ஆண்டுக்கணக்கில் குடித்த பிறகே மார்பிலும் முதுகிலும் புள்ளிகள், உள்ளங்கை உள்ளங்கால் தடிப்பு எனத் தெரியவரும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் வரலாம். அதனால் உடம்பில் அறிகுறி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். தாளில் 10 போலத் தெரிந்தாலே ஆய்வுகூடத்துக்கு ஒரு மாதிரி அனுப்புங்கள். 50 தாண்டினால் முடிவு வரும்வரை காத்திராமல் குடிக்கவும் சோறு சமைக்கவும் வேறு நீர் எடுங்கள். குளிக்க, துணி துவைக்க அந்தக் கிணறே போதும்.