கட்டணமா, சலுகையா, கம்பியா? அமெரிக்க வலதுசாரிகளின் மூன்று பசுமை வழிகள்

குடியரசுக் கட்சி என்றாலே பருவநிலை மாற்றத்தை மறுக்கிற கட்சி என்று முடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் அமெரிக்காவில் பல ஆண்டுகளாகப் பேசப்படும் மூன்று வழிகளுக்கும் அந்தக் கட்சிக்காரர்களே பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார்கள். கார்பனுக்குக் கட்டணம் வாங்கி மக்களுக்கே திருப்பித் தருவது ஒன்று. காற்றாலைக்கு வரிச்சலுகை கொடுப்பது இன்னொன்று. மின்கம்பியை முதலில் இழுத்து வைத்துவிட்டு ஆலைகளை வரவழைப்பது மூன்றாவது. இது டெக்சாஸ் பாணி. என் ஓட்டு கம்பிக்கு. ஆட்சி மாறினால் எது மிஞ்சும் என்பதுதான் நான் வைத்துப் பார்க்கும் அளவுகோல்.

1990-இல் மூத்த புஷ் கையெழுத்திட்ட கந்தக டைஆக்சைடு உரிமச் சந்தையை, அதாவது புகைவிடும் உரிமத்தை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் ஏற்பாட்டை, இங்கே சேர்க்கவில்லை. கீழவையில் 401-25 என்று இரு கட்சியும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம் அது. அமில மழையைக் குறைத்தும் காட்டியது. ஆனால் அது மின்நிலையப் புகைபோக்கிகளோடு நின்ற விஷயம். கார், அடுப்பு, ஹீட்டர் என்று எல்லா இடத்திலும் கிளம்பும் கார்பனுக்கு அதே சட்டை பொருந்தாது.

முதலில் கட்டணம். 2017 பிப்ரவரியில் குடியரசுக் கட்சியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஜேம்ஸ் பேக்கரும் ஜார்ஜ் ஷுல்ட்ஸும் முன்வைத்த திட்டம்: டன்னுக்கு 40 டாலர், நாலு பேர் குடும்பத்துக்கு முதல் ஆண்டில் சுமார் 2,000 டாலர் திரும்ப வரும், இறக்குமதிக்கு எல்லையில் ஈடுகட்டும் கட்டணம். கணக்கு சுத்தமானது. நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ 1 கிலோ கார்பன் டைஆக்சைடு வரும். அதன்மேல் 4 சென்ட் ஏறும். எரிவாயுவில் சுமார் 0.4 கிலோ, ஒன்றரை சென்ட்டுக்குச் சற்று மேல். எது ஓடுவது, எது நிற்பது என்று சந்தையே முடிவு செய்துகொள்ளும்.

இடறுவது பெட்ரோல் பங்கில். காலனுக்கு 36 சென்ட் ஏறினால் போர்டில் தினமும் தெரியும். வங்கிக் கணக்கில் வந்து விழும் பணத்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2008-இல் டன்னுக்கு 10 டாலரில் தொடங்கி, 2012-இல் 30 டாலர் வரை போனது. கொண்டுவந்தது நடுவலது அரசு. வந்த வருவாய்க்கு ஈடாக மற்ற வரிகளைக் குறைத்தது. அப்படியிருந்தும் 2025 ஏப்ரல் 1-இல் நுகர்வோர் கார்பன் வரி அங்கே நீக்கப்பட்டது. அமெரிக்காவில் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை: 2018 ஜூலையில் கார்பன் வரியைக் கண்டிக்கும் தீர்மானம் கீழவையில் 229-180 என்று நிறைவேறியது.

வரிச்சலுகை இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. அதன் செலவு எந்த பில்லிலும் தெரியாது. அயோவாவின் குடியரசுக் கட்சி செனட்டர் சக் கிராஸ்லி முன்னின்று, 1992-இல் யூனிட்டுக்கு 1.5 சென்ட்டாகத் தொடங்கிய சலுகை. விலைவாசிக்கேற்ப ஏறும், ஆலை ஓடத் தொடங்கி 10 ஆண்டு கிடைக்கும். கோளாறு காலாவதித் தேதியில். 1999, 2001, 2003 என்று காலாவதியாவதும் புதுப்பிப்பதுமாகவே இருந்தது. 2012-இல் சுமார் 13,000 மெகாவாட் காற்றாலை நிறுவிய நாடு, புதுப்பிப்பு இழுபறியான பின் 2013-இல் சுமார் 1,100 மெகாவாட்தான் நிறுவியது. பைடன் ஆட்சியின் 2022 சட்டத்தில் சலுகையைப் பெருக்கினார்கள். ஒரு குடியரசுக் கட்சி ஓட்டுக்கூட விழவில்லை. 2024-இல் அக்கட்சியின் 18 உறுப்பினர்கள் சலுகைகளை ஒரேயடியாக வெட்ட வேண்டாம் என்று கடிதம் எழுதியும் பெரிதாகப் பலனில்லை. 2025 ஜூலை 4-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 4-க்குள் வேலை தொடங்காத காற்றாலையும் சூரிய நிலையமும் 2027 முடிவதற்குள் ஓடியாக வேண்டும். இல்லையென்றால் சலுகை கிடையாது.

இனி கம்பி. மேற்கு டெக்சாஸில் காற்று இருந்தது, வாங்குகிற ஊர்கள் கிழக்கே இருந்தன. காற்றாலை ஒன்றரை ஆண்டில் எழும்பிவிடும். உயரழுத்தப் பாதைக்கு ஐந்து ஆண்டு வேண்டும். பாதை இல்லாத இடத்தில் ஆலைக்குக் கடன் கிடைக்காது, ஆலை இல்லாத இடத்துக்குப் பாதைக்கு அனுமதி கிடைக்காது. மரம் முந்தியா விதை முந்தியா கதைதான். இருந்த கம்பி நிரம்பியதும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு வரும். இறக்கைகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டித் திருப்பி நிறுத்திவிடுவார்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2009-இல் டெக்சாஸ் காற்று மின்சாரத்தில் 17 சதவீதம் இப்படி வீணானது. நின்ற ஆலைக்கு வரிச்சலுகையும் கிடையாது என்பதால், கையிலிருந்து காசு கொடுத்தாவது மின்சாரத்தைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். மேற்கில் மொத்தவிலை பூஜ்யத்துக்குக் கீழே போனது அப்படித்தான்.

2005-இல் குடியரசுக் கட்சியின் ரிக் பெர்ரி ஆளுநராக இருந்தபோது வந்த சட்டம் வரிசையை மாற்றிப் போட்டது. 2008-இல் மின்துறையைக் கண்காணிக்கும் மாநில ஆணையம் 5 மண்டலங்களைக் குறித்தது. 18,456 மெகாவாட் தாங்கும் வரைபடத்தைத் தேர்ந்தது. ‘இந்தப் பாதை தேவையா’ என்ற வாதத்துக்கே இடமில்லை. ‘எந்த வழியாக’ என்பதை மட்டும் வாதாடலாம். ஆண்டுக்கணக்கை மிச்சப்படுத்தியது இந்த ஒரு விதிதான். செலவை டெக்சாஸின் பெரும்பகுதிக்கு மின்சாரம் தரும் எர்காட் மின்வலையில் இருக்கும் எல்லா நுகர்வோர் தலையிலும் பரப்பினார்கள். தபால்தலை மாதிரி, தூரம் எவ்வளவானாலும் ஒரே கட்டணம். 2014 தொடங்கும்போது சுமார் 3,600 மைல் 345 கிலோவோல்ட் பாதை தயார். அந்த ஆண்டு வீணானது அரை சதவீதம்.

பிசகியதும் உண்டு. 4.93 பில்லியன் டாலர் மதிப்பீடு 6.9 பில்லியனுக்குப் போனது. மதிப்பீட்டைப் போட்டவர்கள் நேர்கோட்டில் தூரம் அளந்தார்கள். பாதையோ வேலியோரமும் நெடுஞ்சாலையோரமும் வளைந்து போனது. வடக்கே பான்ஹேண்டிலில் அருகில் பெரிய நிலையமும் இல்லை, பெரிய ஊரும் இல்லை, மின்னழுத்தம் தள்ளாடியது. 2018-இல் மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் சுழல் இயந்திரங்களான சிங்க்ரனஸ் கண்டென்சர்கள் இரண்டை வைத்தார்கள். இரண்டு கம்பித் தொகுதிகளுக்கு (சுற்று) எழுப்பி ஒரு பக்கம் வெறுமனே விட்டிருந்த கோபுரங்களில் இரண்டாவது சுற்றும் ஏறியது. 2022-இல் காற்றில் 5, சூரியனில் 9 சதவீதம் மறுபடியும் வீணானது. இழுத்த கம்பி நிரம்பிவிட்டது.

இதெல்லாம் கம்பியால் மட்டும் நடந்தது என்று சொல்லமாட்டேன். வரிச்சலுகை இல்லாவிட்டால் பாதி ஆலைகளாவது வந்திருக்குமா என்பது சந்தேகம். எர்காட் ஒரே மாநிலத்துக்குள் அடங்கியது என்பதும் பெரிய வசதி. மூன்று மாநிலம் தாண்டும் பாதைக்கு மூன்று அனுமதி வேண்டும். அதைச் சுருக்கப் பார்த்த, செனட்டர்கள் மேன்சினும் பராசோவும் கொண்டுவந்த மசோதா 2024-இல் செனட் குழுவில் 15-4 என்று தேறியும் அவையில் ஓட்டெடுப்புக்கே வரவில்லை.

ஆனால் கம்பிக்குக் காலாவதித் தேதி இல்லை, அது ஆலையைப் பார்த்துக் கட்சி கட்டுவதும் இல்லை. காற்றுக்காக இழுத்த பாதையில் பின்னால் சூரிய நிலையங்கள் வந்து ஏறின. 2023-இல் டெக்சாஸ் தன் புதுப்பிக்கத்தக்க மின்சார இலக்குச் சட்டத்துக்கு முடிவு எழுதியது. 2025-இல் காற்றாலை, சூரிய நிலையங்களை நெருக்கும் மசோதா மாநில செனட்டில் தேறி, கீழவையில் படுத்துவிட்டது. அதே 2025 ஏப்ரலில் பெர்மியன் படுகைக்கு 765 கிலோவோல்ட் பாதைகள் இழுக்க ஆணையம் ஒப்புக்கொண்டது. இந்த முறை கேட்டது எண்ணெய் வயல்.