அடிக்கட்டையை எடுக்க: கடப்பாரையா, மருந்தா, மெஷினா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு மரம் வெட்ட வருகிறவர்கள் கட்டையைத் தரையோடு அறுத்துவிட்டுக் கூலி வாங்கிப் போய்விடுகிறார்கள். பார்க்கச் சுத்தம்தான். ஆனால் வேரோடு எடுக்க நினைத்தால் அங்கேயே காரியம் கெட்டது. இடுப்பளவாவது கட்டை நின்றால்தான் கயிறு போட்டு ஆட்டி இழுக்க முடியும். ஆகவே எந்த வழி என்பதை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

செம்பருத்தி வேலிக்கு மண்வெட்டி, கடப்பாரை, பாராங்கத்தி போதும். மழை பெய்த மறுநாள் தோண்டினால் பாதி வேலை மிச்சம். எடுத்த குச்சிகளை ஈர மண்ணில் போட்டு வைக்காதீர்கள், துளிர்த்துவிடும்.

ரம்புத்தான், மா போன்றவற்றுக்கு மருந்துதான் மலிவு. அறுத்த சில நிமிடங்களுக்குள் பட்டைக்கு உட்புற வளையத்தில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச வேண்டும். காய்ந்தபின் பூசினால் வீண். தோட்டங்களில் ரப்பர் கட்டைக்கு ட்ரைக்ளோபைர் என்ற இன்னொரு களைக்கொல்லியை டீசலில் கலந்து பூசுவார்கள். பெரியவர்கள் சிபாரிசு செய்யும் பாராகுவாட் மருந்துக்கு 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை. அது பட்ட இடத்தைத்தான் கருக்கும், வேருக்கு இறங்காது. மருந்து மறுதுளிரை நிறுத்தும், அவ்வளவே. கட்டை மட்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அதுவரை கறையானுக்கு விருந்து, சுவர் ஓரமென்றால் கட்டையை அப்படியே விட்டுவைக்க மாட்டேன்.

தென்னை, செம்பனை (எண்ணெய்ப் பனை) வெட்டியபின் துளிர்க்காது, மருந்து வீண்செலவு. ஆனால் மட்கும் கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், துண்டு துண்டாகக் கொத்திவிடுங்கள். பழைய ரப்பர் நிலத்துக் கட்டை வேறு கதை. வெள்ளை வேர் நோய் அதில் தங்கி, பிறகு நடும் பலா, மரவள்ளிக்கும் தொற்றும். அங்கே வேரையும் பொறுக்கியெடுப்பதே சரி. கொளுத்திவிடலாம் என்ற யோசனை வேண்டாம். 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்தவெளி எரிப்பு குற்றம்.

பேக்ஹோ (மண் தோண்டும் இயந்திரம்) நுழைய வழியிருந்தால் அதற்கு ஈடில்லை. ஆனால் வேலியோரம் தண்ணீர்க் குழாய் போகிறதா, பின்பக்கம் மலக்குழி எங்கே என்று முதலில் பாருங்கள்.

கட்டை அரைக்கும் மெஷின் பார்வைக்கு ஜோர், என் கணக்கில் கடைசி இடம். மேற்பகுதியைத்தான் அரைக்கும், பக்கவேர்கள் அப்படியே கிடக்கும். பழைய வேலிக்கட்டைக்குள் முள்கம்பி புதைந்திருந்தால் பல் உடையும். புல் போட்டு மூடப் போகிறீர்கள் என்றால் மட்டும் கூப்பிடலாம். அரைத்த தூளை அள்ளிவிட்டு மண் நிரப்பச் சொல்லுங்கள், பச்சைத் தூள் மண்ணின் நைட்ரஜனை இழுத்துப் புல்லை மஞ்சளாக்கும்.