புறக்கோட்டையில் ஆண்களுக்கான நீச்சல் உடை: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கொழும்புக் கடைகளில் ஆண்களுக்கு நீச்சல் உடை கேட்டால் மூன்று வகை எடுத்துப் போடுவார்கள்: ஜட்டி மாதிரிச் சிறிய பிரீவ், முழங்காலுக்குச் சற்று மேல் வரை இறுக்கமாகப் பிடிக்கும் ஜாமர், தொளதொளவென்ற போர்ட் ஷோர்ட்ஸ். புறக்கோட்டையில் ஏற்றுமதி மிச்சம் விற்கிற கடைகளில் மூன்றும் கலந்தே தொங்கும். தடாகத்துக்கு ஜாமரை எடுங்கள், துணியைப் பார்த்து.

நூறு வருடத்துக்கு முன் ஆண்களும் மார்பை மூடிய கம்பளிப் பின்னல் உடையில்தான் நீந்தினார்கள். தண்ணீரைக் குடித்துக் கனத்து, தொடை வரை தொங்கிவிடும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய ஆண்கள் வெறும் மேலோடு நீந்தியது அன்று சர்ச்சையானது. ஐம்பதுகளில் நைலோன் வந்தது, பாரம் ஒழிந்தது. 1960 அளவில் நீச்சல் உடை நிறுவனமான ஸ்பீடோவுக்காக வடிவமைப்பாளர் பீற்றர் ட்ராவிஸ் வரைந்த பிரீவ், வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் உட்காரும்படி வெட்டப்பட்டது. காலை மடக்கி உதைத்தாலும் கழன்று வராது. இன்றும் பிரீவ் எடுப்பவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும்; தொப்புள் வரை ஏறினால் அது உள்ளாடை வெட்டு, நீந்தும்போது சுருளும்.

ஜாமரின் நீளத்துக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. 2008 இல் பொலியூரிதேன் (ஒருவகை பிளாஸ்டிக்) பதித்த முழு உடல் உடைகள் வந்தன. அடுத்த வருடம் ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் விழ, விளையாட்டே கேலியாகிவிட்டது. 2010 ஜனவரி முதல் ஆண்களின் போட்டி உடை தொப்புளுக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் போகக்கூடாது, நெய்த அல்லது பின்னிய துணியாகவே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. கடையில் தொங்கும் ஜாமர் அந்த அளவுக்குள் வெட்டியதுதான்.

இனித் துணி. லேபிளில் நைலோனும் ரப்பர் மாதிரி இழுபடும் இலாஸ்டேனும் (80க்கு 20 என்பது வழமை) இருந்தால் உடம்பில் அருமையாகப் பிடிக்கும், ஆனால் குளோரின் இலாஸ்டேன் இழையை அரித்துவிடும். முதலில் பின்பக்கம் மெலியும், பிறகு கண்ணாடி மாதிரி ஊடே தெரியும். கிழமைக்கு மூன்று தரம் சுகததாச தடாகத்துக்குப் போகிறவர் பொலியெஸ்டரும் பி.பி.ரி.யும் (PBT, அதே குடும்பத்தில் சற்று இழுபடும் இழை) கலந்ததைத் தேட வேண்டும். 53க்கு 47 என்று பல லேபிள்களில் இருக்கும். தொடும்போது கொஞ்சம் முரடு, இழுபடுவதும் குறைவு, ஆனால் நீண்ட நாள் உழைக்கும்.

மிச்சச் சாமானில் லேபிளை வெட்டியிருப்பார்கள். அப்போது கைதான் லேபிள். துணியை இரண்டு பக்கமும் இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளை இழை பளிச்சென்று தெரிந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். தொடைத் தையலையும் நன்றாக இழுங்கள். நேர்த்தையல் என்றால் நூல் டக்கென்று அறும், தட்டையாக மேவிய தையல் துணியோடு சேர்ந்து நீளும். கவட்டில் தனித்துண்டு வைத்திருக்கிறதா, முன்பக்கம் லைனிங் உண்டா, நாடா பின்பக்க நடுவில் ஒரு தையலால் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கடைசித் தையல் இல்லாவிட்டால் முதல் கழுவலிலேயே நாடா உள்ளே போய்விடும். சைஸில் தாராளம் காட்டாதீர்கள்: தண்ணீரில் எல்லாம் தளரும். உலர்ந்திருக்கும்போது சற்று இறுக்கமாக இருப்பதே சரி.

போர்ட் ஷோர்ட்ஸ் அலைச்சறுக்கு வீரர்களுக்காகப் பிறந்தது. அலை இழுத்தாலும் கழன்று போகாதபடி இலாஸ்டிக்குக்குப் பதில் நாடாக் கட்டு, தொடை உரசாதபடி நீளம். கல்கிசைக் கடலுக்கு நல்லது. வலை லைனிங் வைத்ததை வாங்காதீர்கள்: மணல் அதில் அடைபட்டு, உப்போடு சேர்ந்து தொடையைத் தேய்த்துப் புண்ணாக்கும். உள்ளே ஒரு ஜாமர் போட்டால் போதும். பருத்திக் காற்சட்டையைப் பல தடாகங்களில் விடமாட்டார்கள், பஞ்சு வடிகட்டியில் அடைக்கும். டெனிமோடு கடலில் இறங்கும் வீரர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

எதை வாங்கினாலும், தடாகத்தில் இறங்கு முன் உடையைக் குழாய்த் தண்ணீரில் நனையுங்கள். ஏற்கனவே நனைந்த துணி குளோரினைக் குறைவாகவே உறிஞ்சும். ஏறியவுடன் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயவிடுங்கள். சுடுதண்ணீரும் வெளுக்கும் மருந்தும் கூடாது. ஈரத்தோடு துவாயில் சுருட்டிப் பையில் போட்டால் கொழும்பு வெக்கைக்கு அடுத்த நாளே பூஞ்சணம் மணக்கும். கடைசியாக, நீச்சல் உடையைப் பெரும்பாலான கடைகள் மாற்றித் தரா. உள்ளாடைக்கு மேல் போட்டுப் பார்க்க விடுகிற கடையாகப் பார்த்து வாங்குங்கள்.