போன் மேப்பா, தனி ஜிபிஎஸ் கருவியா? டர்பனில் கார் ஓட்டுவோருக்கு

இரண்டும் நம்பியிருப்பது ஒரே செயற்கைக்கோள்களைத்தான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அவற்றில் நான்கின் சிக்னல் கிடைத்தால் இருக்கும் இடம் தெரிந்துவிடும், டேட்டாவே வேண்டாம். பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நிறுத்தியது. காரில் இது சரியாகப் பயன்பட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

வித்தியாசம் வரைபடத்தில். போன் அதை இணையத்திலிருந்து எடுக்கிறது, கூடவே நெரிசலையும் காட்டுகிறது. ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் மின்வெட்டு நீண்டு, செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் போன் திருதிருவென்று முழிக்கும். தனிக் கருவிக்குள்ளேயே வரைபடம் இருப்பதால் அது பாட்டுக்கு வழி சொல்லும். அப்டேட் செய்யாமல் விட்டால் மட்டும், புதுச் சாலையில் போகும் நம்மைக் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடுவதாகக் காட்டும்! அப்புறம், கருவியை ஒட்டிவைக்கும் ரப்பர் பிடி முன்கண்ணாடியில் விட்டுப்போகும் வட்டத் தடம். கார் கண்ணாடியை உடைத்துப் பறிக்கிறவர்களுக்கு அதுவே அழைப்பிதழ்.

என் ஓட்டு போனுக்கு. என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க் கிளம்புமுன் வீட்டு வைஃபையிலேயே வழி முழுவதற்கும் ஆஃப்லைன் மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள். டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கம் ஒதுங்கினால் கட்டாயம் தேவைப்படும்.